மூன்றாவது வேண்டாம்

என் தம்பி கட்டியது சீனப் பெண்ணை. எனக்கு அவள் மச்சாள். கலியாணத்தின்போது எங்கள் சொந்தக்காரர் சிலர் முகத்தைச் சுளித்தார்கள். அவர்கள் பக்கத்திலும் யாராவது சுளித்திருப்பார்கள், மொழி தெரியாததால் நான் தப்பினேன். எனக்கு அந்தக் குடும்பத்தைப் பிடித்துப்போனதற்குக் காரணம் மச்சாளின் அம்மா. வீடியோ அழைப்பில் முதல்முறை என்னைக் கண்டதும் அவர் கேட்டது, "சாப்பிட்டாச்சா?" என்றுதான். மச்சாள் அதை ஆங்கிலத்தில் சொன்னபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முப்பது வருடமாக லண்டனில் எல்லோரும் என்னிடம் மழையைப் பற்றித்தான் பேசியிருக்கிறார்கள்.

அந்தக் கேள்வியைப் பாடமாக்கிக்கொண்டேன். "ச்சி ல மா?" என்று கேட்பார்கள். "ச்சி ல" என்று பதில் சொல்ல வேண்டும், சாப்பிட்டாச்சு என்று பொருள். பட்டினி கிடந்தாலும் அதையே சொல்வார்களாம். நாங்களும் அப்படித்தானே.

மச்சாளுக்குப் பெண் குழந்தை பிறப்பதற்கு இரண்டு வாரம் முன்பே அந்த அம்மா வால்தம்ஸ்டோவில் தம்பி வீட்டில் வந்து இறங்கிவிட்டார். அவர்கள் வழக்கப்படி பிள்ளை பெற்றவள் ஒரு மாதம் 'மாதம் இருக்க' வேண்டும். வெளியே போகக்கூடாது, பச்சைத் தண்ணீர் தொடக்கூடாது, காற்றுப் படக்கூடாது. கோடை வெயிலில் ஜன்னலை மூடி, மகளுக்குக் கம்பளிக் காலுறை மாட்டி, மூன்று வேளையும் இஞ்சி சூப் கொடுத்தார். குழந்தையைப் பார்க்க வரும் தாதி ஜன்னலைத் திறந்துவிட்டுப் போவாராம். அவர் படியிறங்கியதும் அம்மா மூடிவிடுவாராம். எனக்கு இதில் எதுவும் புதிதில்லை. முப்பத்தோராம் நாள் பிள்ளைப்பேற்றுத் துடக்குக் கழியும்வரை எங்கள் வீடுகளிலும் ஏறக்குறைய இதே சட்டம்தான். இஞ்சி சூப்புக்குப் பதிலாகச் சரக்குத்தூள் போட்ட மீன்கறி, அவ்வளவுதான் வித்தியாசம்.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். தம்பியை எட்டு வயதில் இங்கே கூட்டிவந்து வளர்த்தவள் நான். எனக்குக் கலியாணம் நடக்கவில்லை, பிள்ளையும் இல்லை. அவனுடைய குழந்தை என் மடியில் கிடக்க வேண்டும், அந்த வீட்டில் எனக்கும் ஒரு வேலை இருக்க வேண்டும் என்ற ஆசை கொஞ்சநஞ்சமல்ல.

குழந்தை வீட்டுக்கு வந்த மறுநாள் சரக்குத்தூளுக்கு மிளகு, சீரகம், மல்லி, வேர்க்கொம்பு எல்லாம் வறுத்து இடித்து, ஒரு கிலோ பூண்டு உரித்து, இல்ஃபோர்டில் நல்ல மீனாகப் பார்த்து வாங்கி, இரண்டு பைகளோடு 123ஆம் இலக்க பஸ்ஸில் போனேன். அந்த அம்மா கதவைத் திறந்தார். பைகளைப் பார்த்ததும் இரண்டு கைகளையும் ஆட்டி, "பூ யோங், பூ யோங்" என்றார். தேவையில்லையாம், எனக்கு வீண் சிரமமாம் என்று உள்ளே கட்டிலில் இருந்தபடி மச்சாள் ஆங்கிலத்தில் சொன்னாள். லீவு போட்டுவிட்டு வந்து நிற்கிறேன், சமைக்கிறேன், துணி துவைக்கிறேன் என்று அவள் மூலமே சொல்லிப் பார்த்தேன். அதற்கும் "பூ யோங்".

"அக்கா, வேண்டாம் எண்டு சொல்லுறா. விடுங்கோவன்," என்றான் தம்பி. பைகளை அவனே தூக்கிக்கொண்டு பஸ் நிறுத்தம் வரை வந்தான். குழந்தையை அறை வாசலில் நின்று பார்த்ததோடு சரி.

நான் ஒரு மருத்துவ நிலையத்தின் வரவேற்பில் வேலை செய்கிறேன். அங்கே ஒருவர் வேண்டாம் என்றால் வேண்டாம்தான். மறுத்துவிட்டார் என்று கணினியில் பதிந்துவிட்டு அடுத்தவரைக் கூப்பிட வேண்டும். இரண்டாம் முறை வற்புறுத்துவது பிழை என்று பயிற்சியே தந்திருக்கிறார்கள். இருபது வருடப் பழக்கம். அந்த அம்மாவையும் மனதுக்குள் அப்படியே பதிந்துவிட்டேன்.

பஸ்ஸில் அழுதேன். மீனைக் கொண்டுவந்து பத்தியக் கறி வைத்து இரண்டு நாள் நானே சாப்பிட்டேன். பிள்ளை பெறாதவள் பத்தியம் காத்ததை நினைத்தால் இப்போது சிரிப்பு வருகிறது, அப்போது வரவில்லை. எனக்குக் கோபம் மூக்கு நுனியில்தான் இருக்கும். இரண்டு வாரம் அந்தப் பக்கம் போகவில்லை. வீடியோவில் அந்த அம்மா "ச்சி ல மா?" என்று கேட்கும்போது "ச்சி ல" என்று சொல்லிவிட்டு, வேலை இருக்கிறது என்று வைத்துவிடுவேன்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் சாமான் வாங்க இல்ஃபோர்டுக்கு வந்த தம்பி வீட்டுக்கும் வந்தான். இடியப்பமும் சொதியும் வைத்தேன். ஆறு இடியப்பம் சாப்பிட்டுவிட்டுக் கையால் தட்டை மறைத்து, "வேண்டாம் அக்கா" என்றான். கையை விலக்கி இன்னும் மூன்றை வைத்தேன்.

"வேண்டாம் எண்டா உங்களுக்கு விளங்காதே?"

"ஒருக்காச் சொல்லுற வேண்டாமை ஆரடா கணக்கில எடுக்கிறது? மூண்டு தரம் சொன்னாத்தான் வேண்டாம்."

சொன்ன வாய் மூடவில்லை, சொதிக் கரண்டி கையிலேயே நின்றது. அந்த அம்மா எத்தனை தரம் சொன்னார்? பைக்கு ஒரு தரம், லீவுக்கு ஒரு தரம். மரியாதை தெரிந்தவர் முதல் தரத்திலேயே பையைப் பறித்துக்கொண்டு உள்ளே போவாரா? நான் போயிருப்பேனா? எந்த வீட்டில் முதல் தேத்தண்ணீரை வேண்டாம் என்று சொல்லாமல் குடித்திருக்கிறேன்?

"மாமி என்ன செய்யிறா?" என்று கேட்டேன்.

"அவவுக்கு நாரி நோகுது, நிமிர ஏலாமல் நடக்கிறா. ஒண்டும் சொல்லமாட்டா. அக்கா ஏன் வாறேல்லை, நான் ஏதும் பிழையாச் சொல்லிப்போட்டனோ எண்டு ஒவ்வொரு நாளும் கேக்கிறா. உங்களுக்கு வேலை எண்டு சொன்னன்."

"ஏனடா எனக்குச் சொல்லேல்லை?"

"நீங்கள்தானே வேலை எண்டிட்டுப் போனை வச்சனீங்கள்."

அவனையும் நான்தான் வளர்த்தேன், யாரைத் திட்டுவது? வெட்கமாக இருந்தது. கோபத்தை விட அது கனமாக இருந்தது.

அடுத்த நாள் காலை அதே பஸ், அதே இரண்டு பைகள், புது மீன். மச்சாளும் குழந்தையும் நித்திரை. தம்பி கடைக்குப் போயிருந்தான். மொழிபெயர்க்க ஆளில்லை. அந்த அம்மா ஒரு கையால் இடுப்பைப் பிடித்துக்கொண்டு கதவைத் திறந்தார். என்னைக் கண்டதும் முகம் மலர்ந்தது. பைகளைக் கண்டதும் "பூ யோங்" என்றார்.

நான் அசையவில்லை. பைகளை நீட்டினேன். "பூ யோங், பூ யோங்," என்று என் கையை மெல்லத் தள்ளினார். திரும்பவும் நீட்டினேன். மூன்றாவது வேண்டாமைச் சொல்லிக்கொண்டே இரண்டு கைகளாலும் பைகளை வாங்கிக்கொண்டார். பிறகு என் மழைக்கோட்டைக் கழற்றி வாங்கி, வாசல் கொக்கியில் தன் கோட்டுக்கு மேல் மாட்டினார்.

சமையலறையில் கேத்தில் கொதித்துக்கொண்டிருந்தது. நான் பூண்டு உரிக்கத் தொடங்கினேன். குழந்தை சிணுங்கியது. அவர் போய்த் தூக்கிவந்து என்னிடம் நீட்டினார். கை கழுவவில்லை என்று சைகை காட்டினேன், அவர் குழாயைத் திறந்துவிட்டார். கழுவித் துடைத்ததும் குழந்தையை என் கையில் வைத்துவிட்டுக் கதிரையில் போய் உட்கார்ந்தார். உட்கார்ந்தபடியே தூங்கிப்போனார். இரண்டு வாரம் விட்டுப்போன தூக்கம். நான் குழந்தையோடு நின்றபடியே மீன்கறியைக் கிளறினேன். சந்தோஷத்தில் உப்புப் போட்டேனா என்பது மறந்துபோனது.

ஒரு மணி நேரம் கழித்து அவர் திடுக்கிட்டு எழுந்தார். என்னைப் பார்த்து, குழந்தையைப் பார்த்து, "ச்சி ல மா?" என்று கேட்டார்.

காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை. இல்லை என்பதற்குச் சீனத்தில் வார்த்தை படித்திருக்கவில்லை, தேவைப்படும் என்று நினைக்கவுமில்லை. தலையை ஆட்டி இல்லை என்றேன், முதல் தரத்திலேயே.

அவர் எழுந்துபோய் இரண்டு சோற்றுக் கோப்பைகளை எடுத்துவைத்தார்.