தவிட்டம்மாவும் கோப்பியின் கூண்டும்

தேயிலைத் தோட்டத்தில் வளர்கிற நாய்க்குக் கோப்பி என்று பெயர் வைத்தது சாந்தினியின் குறும்பு. பெயர் வைத்தவள் கல்யாணம் முடித்து மெல்பர்னுக்குப் போய் நான்கு வருடமாகிறது. சோறு வைத்து வளர்த்தவள் அவளுடைய அம்மா தவிட்டம்மா. புருஷன் செத்த பிறகு அந்தத் தோட்டத்து லயத்து வரிசை வீட்டில் அவளும் கோப்பியும்தான்.

தவிட்டம்மாவுக்கு அறுபது நெருங்கியது. அறுபதானால் தோட்டத்தில் பேர் வெட்டி வேலையிலிருந்து நிறுத்திவிடுவார்கள். வீடு தோட்டத்துடையது. சாவியைத் தோட்டத்து ஆபீஸ் கிராணியிடம் கொடுத்துவிட்டுக் கிளம்ப வேண்டியதுதான். பக்கத்து டவுன் பிரிஞ்சாங்கில் கமருஸ்ஸமானின் சாப்பாட்டுக் கடைக்கு மேலே ஓர் அறை காலியாக இருந்தது. தங்கமான மனிதர். ஆனால் நாய் மட்டும் வேண்டாமக்கா என்று தயங்கித் தயங்கிச் சொன்னார். அவர் நியாயம் அவருக்கு. அறை எதற்கு, நாயையும் கூட்டிக்கொண்டு நீயே இங்கே வந்துவிடு என்று சாந்தினி போனில் ஒரே பிடியாய் நின்றாள். சரியென்று நாய்க்கும் அம்மாவுக்கும் சேர்த்து மனுப் போட்டார்கள்.

இங்கேதான் தவிட்டம்மாவின் பழைய கதை வந்து குறுக்கே படுத்தது.

அவளுக்கு முன்னால் பிறந்த மூன்றும் தொட்டிலிலேயே போய்விட்டன. நாலாவது தங்குவதற்கு நம்மவர்களிடம் ஒரு வழி உண்டு. பிள்ளையைப் பக்கத்து வீட்டுக்குத் தவிட்டுக்கு விற்றுவிட வேண்டும். அவர்கள் ஒரு முறம் தவிட்டைக் கொடுத்து வாங்கிக்கொண்டு, வளர்த்துக் கொடு என்று பெற்றவளிடமே திருப்பிக் கொடுப்பார்கள். எமன் வந்து தேடினால் இந்த வீட்டுக்குப் பிள்ளையே இல்லை. தவிட்டம்மா என்று பெயரும் வைத்துவிட்டால் முடிந்தது. ஊரெல்லாம் அதோடு நிறுத்திக்கொள்ளும். அவள் அப்பன் நாகப்பன் மகா கெட்டிக்காரனாயிற்றே! எமன் தாளையும் புரட்டிப் பார்த்தால் என்ன செய்வது என்று யோசித்து, பிறப்புப் பத்திரத்திலும் வாங்கியவர்கள் பெயரையே எழுத வைத்துவிட்டான். தகப்பன் சுப்பன், தாய் இராசம்மா. எமன் ஏமாந்தான், அதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். கூடவே அரசாங்கமும் ஏமாந்தது.

நாகப்பனிடம் குடிமக்களுக்குரிய நீல அடையாள அட்டை, நீல ஐசி, இருந்தது. சுப்பனிடம் இல்லை. பிள்ளைக்கு நாலு வயதாகும்போது வேலைப் பெர்மிட் கிடைக்காமல் சுப்பனும் இராசம்மாவும் இந்தியாவுக்குக் கப்பலேறிவிட்டார்கள். தாளின்படி தவிட்டம்மா அவர்கள் விட்டுப்போன பிள்ளை. பன்னிரண்டு வயதில் அவளுக்குச் சிவப்பு ஐசிதான் வந்தது. இங்கே இருக்கலாம், கொழுந்து பறிக்கலாம், ஆனால் இந்த நாட்டுக்காரி இல்லை. பாஸ்போர்ட்டும் இல்லை. எத்தனையோ முறை மனுக் கொடுத்துப் பார்த்தாள். பெற்றவர்கள் செத்த பிறகு சாட்சி சொல்லவும் ஆளில்லை. புருஷனுடையது நீலம் என்பதால் மகள் தப்பித்தாள்.

கோப்பிக்கு அப்படி ஒரு வில்லங்கமும் இல்லை. கழுத்துத் தோலுக்கடியில் அரிசி மணி அளவு சிப் வைத்தார்கள். வெறிநாய்க்கடி ஊசி போட்டு, ரத்தம் எடுத்து அனுப்பினார்கள். ரத்தம் சரியாக இருந்தாலும் ஆறு மாதம் காத்திருக்க வேண்டும் என்றான் குணாளன். நாய்களை வெளிநாட்டுக்கு அனுப்புகிற ஏஜெண்டிடம் வேலை பார்க்கிற பையன் அவன். நாய் பழகட்டும் என்று கூண்டையும் முன்னாலேயே கொண்டுவந்து போட்டான்.

உரிமையாளர் பெயர் எழுதும்போது பக்கத்து வீட்டு மோகனா நல்ல எண்ணத்தில்தான் ஒன்று சொன்னாள். சிவப்பு ஐசியைக் காட்டினால் நாய்க்கும் தடங்கல் வந்துவிடப் போகிறது, என்னுடையது நீலம், என் பெயரைப் போட்டுவிடலாமே என்றாள். தவிட்டம்மாவுக்குச் சுருக்கென்று ஏறியது.

"எங்கப்பன் ஒரு வாட்டி பேர மாத்தி எழுதுனதுக்கு நான் இன்னிக்கும் மாட்டிக்கிட்டுக் கெடக்கேன். இவனுக்கு அந்த வெனை வேணாம்லா. எம்பேரையே எழுது தம்பி."

குணாளன் எழுதினான். ஐசி சிவப்பானாலும் நீலமானாலும் நாய்க்குப் பரவாயில்லை என்றான். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். அவன் போன பிறகு குசினியில் அடுப்புப் பக்கம் உட்கார்ந்து அழுதாள்.

கோப்பி கூண்டுக்குள் போனால்தானே! ரொட்டி போட்டாள், கருவாடு போட்டாள். அது கழுத்தை மட்டும் நீட்டிக் கவ்விக்கொண்டு ஓடியது. ஒருநாள் எரிச்சல் தாங்காமல், இதிலென்ன பேயா இருக்கிறது என்று திட்டிக்கொண்டே தானே உள்ளே தவழ்ந்து போனாள். கொழுந்துக் கூடை உயரம்தான் அவள். முழங்காலைக் கட்டிக்கொண்டால் இடம் போதும். கோப்பியும் பின்னாலேயே வந்து பக்கத்தில் சுருண்டுகொண்டது. அவள் வெளியே வந்தால் அதுவும் வந்தது. அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் அதே பாடம். போகப் போகத் தான் வெளியே வந்து, அதை உள்ளே வைத்துக் கதவைச் சாத்தினாள். முதலில் ஐந்து நிமிடம், பிறகு அரை மணி. எவ்வளவு நேரமானாலும் அவளே வந்து திறப்பாள் என்று அது தெரிந்துகொண்டது.

அவளுக்குப் பாஸ்போர்ட் இல்லாததால் அதற்குப் பதிலாக ஏதோ பயணத்தாள் வாங்கி, அதை வைத்து விசா கேட்டிருந்தார்கள். கோப்பிக்கு அனுமதி வந்த அதே வாரம் அவளுக்கு இல்லையென்று வந்தது. அவள் வாசலில் வந்து நின்றாள். சுற்றிலும் மலை. இறங்கிப் போக ரோடு இருக்கிறது, லோரி நாள் முழுக்கப் போகிறது, பக்கத்துத் திரிங்காப் தோட்டத்து முட்டைக்கோஸுகூடச் சிங்கப்பூர் பார்க்கப் போகிறது. அவள் மட்டும் போக முடியாது. கோப்பியை அனுப்பவே வேண்டாம் என்று ஒரு நாள் முழுக்கப் பிடிவாதம் பிடித்தாள். லயத்திலேயே விட்டுவிட்டால் மோகனா சோறு வைப்பாள். ஆனால் அவளுக்கும் இன்னும் இரண்டு வருடத்தில் பேர் வெட்டு. அப்புறம் அது தெருநாய்தான்.

வேன் வந்த காலையில் கோப்பி கூண்டு வாசலில் நின்று அவள் முகத்தைப் பார்த்தது. தவிட்டம்மா உள்ளே போனாள். அதுவும் போய்ப் பக்கத்தில் படுத்தது. அவள் வெளியே வரவில்லை. குணாளன் மணியைப் பார்த்தான்.

"சாத்து தம்பி. ரெண்டு பேரும் போயிடுறோம்."

அவன் சிரிக்கப் பார்த்து, அவள் முகத்தைக் கண்டு நிறுத்திக்கொண்டான். எதிரில் குந்தி உட்கார்ந்து, வாங்கம்மா என்று கையை நீட்டினான். அவள் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தாள். தானே கதவைச் சாத்தினாள். கோப்பி குரைக்கவில்லை, முனகவும் இல்லை. எப்படியும் திறப்பாள் என்று காத்திருந்தது. வேன் கியா பார்ம் ரோட்டுப் பக்கம் திரும்பும்வரை அவள் நின்றாள். அப்புறம் நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுதாள்.

அந்த மாதக் கடைசியில் சாவியைக் கொடுத்துவிட்டு, கமருஸ்ஸமான் கடை மாடிக்குக் குடி வந்தாள். கோப்பி மெல்பர்னில் இறங்கி, நோய் இருக்கிறதா என்று பார்க்கத் தனியிடத்தில் வைத்திருந்த நாட்களும் முடிந்து, சாந்தினி வீட்டுக்கு வந்து சேர்ந்தது. மறுநாள் மகள் வீடியோவில் கூப்பிட்டாள். அதன் முகத்தைப் பார்த்ததும் தவிட்டம்மா, கோப்பி, ஏய் கோப்பி என்று பெயர் சொல்லிவிட்டாள். குரல் கேட்டதுதான் தாமதம், அது அறை மூலையில் கிடந்த கூண்டுக்குள் ஓடிப் போய்ப் படுத்துக்கொண்டது. சாந்தினி ரொட்டியைக் காட்டினாள், கெஞ்சினாள், இழுத்தாள். அசையவில்லை. கூண்டில் எவ்வளவு இடமிருந்தும் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு படுத்திருக்கிறதே அம்மா, உடம்பு சரியில்லையோ என்று பயந்தாள்.

தவிட்டம்மாவுக்குத் தெரியும். மிச்ச இடம் யாருக்கு என்று தெரியும். போனை முகத்துக்கு அருகில் கொண்டுபோனாள்.

"இழுக்காதடி. நீ உள்ள போயி அவன் பக்கத்துல கொஞ்ச நேரம் உக்காரு. நீ வெளிய வந்தா அவனும் வருவான்."

சாந்தினி போனைத் தரையில் சாய்த்து வைத்துவிட்டு உள்ளே தவழ்ந்தாள். கோப்பி அவளை முகர்ந்து பார்த்தது. வெகுநேரம் கழித்து மகள் வெளியே வந்தாள். அதுவும் மெல்ல எழுந்து பின்னால் வந்தது.

இனிமேல் இது எதற்கு, இடத்தை அடைத்துக்கொண்டு என்றாள் சாந்தினி, கூண்டைத் தட்டி.

"தூக்கிப் போட்டுறாத," என்றாள் தவிட்டம்மா. "எனக்கு வேணும்."