என் தலையணைப் பஞ்சும் மாமாவின் ஸ்பீக்கரும்

மானிட்டர் செய்யப்போவதாக மாமா சொன்னபோது, அம்மா தையல் மெஷினிலிருந்து தலையைத் தூக்காமலே, "அதான் ஒன்னு இருக்குல்லடா, அது பத்தாதா?" என்று கம்ப்யூட்டர் திரையைக் கைகாட்டினாள். நான் அப்போது ஐந்தாம் வகுப்பு. எங்கள் வகுப்பில் மானிட்டர் என்றால் பேசுகிறவர்களின் பெயரைக் கரும்பலகையில் எழுதிப் போடுகிறவள். ஆகவே மாமா எதைச் செய்யப்போகிறார் என்பது எங்கள் இரண்டு பேருக்குமே விளங்கவில்லை.

மாமா அம்மாவுக்குத் தம்பி. கல்யாணம் ஆகாதவர். பந்தல்குடியில், தூத்துக்குடி ரோட்டை ஒட்டிய எங்கள் வீட்டில்தான் இருந்தார். கல்யாண மண்டபங்களுக்கு மைக்செட் கட்டுவது அவர் பிழைப்பு. ஆசை வேறு இடத்தில் இருந்தது. பாடியவர்களின் குரலையும் கொட்டுச் சத்தத்தையும் கம்ப்யூட்டரில் வைத்துக் கூட்டிக் குறைத்து, பாட்டாகக் கலந்து கொடுக்கிற வேலை அது. அந்த ஆசைக்கு அப்போதுதான் முதல் கதவு திறந்திருந்தது. திருச்சுழிப் பக்கத்துப் பெண்கள் பாடிய கும்மிப் பாட்டுகளை மதுரையில் ஒருவர் வெளியிட இருந்தார். கலக்கும் வேலையை மாமாவிடம் கொடுத்தார். மாமா முடித்து அனுப்பினார், திரும்பி வந்தது. திருத்தி அனுப்பினார், மறுபடியும் வந்தது.

"கொட்டு எங்கய்யா போச்சு? ஏதோ தகரத்துல தட்டுன மாதிரி இருக்கு. இன்னொரு தரம் இப்படி வந்துச்சுன்னா நான் வேற ஆளப் பாத்துக்கிறேன்" என்று அவர் போனில் சொன்னது அடுப்படி வரைக்கும் கேட்டது.

மாமா இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. பிறகு தானே காரணத்தைக் கண்டுபிடித்துக்கொண்டு வந்தார்.

"மண்டபத்துப் பொட்டியில கேட்டு வேலை பாக்குறேன்ல, அங்கதான்க்கா கோளாறு. அது துளியூண்டு கொட்டுச் சத்தத்தையும் இடி மாதிரி தூக்கிக் காட்டும். நானும் கூடிப்போச்சுன்னு கொறைச்சுப்புடுறேன். பாட்டுக் கலக்குறவுக வச்சுக் கேக்குற பொட்டிக்குப் பேருதான் மானிட்டர். அது கூட்டாது, கொறைக்காது. உள்ளத உள்ளபடி சொல்லும்."

"அப்படிச் சொல்றதுக்குத்தான் இந்த வீட்டுல நான் இருக்கேனே" என்றாள் அம்மா. ஆனால் மறுநாள் தைக்க வேண்டிய துணிகளை ஒதுக்கிவைத்துவிட்டு எங்களோடு அருப்புக்கோட்டைக்குப் பஸ் ஏறியவளும் அவள்தான்.

பாளையம்பட்டி ரோட்டில் ஒரு மரக்கடையில் பலகைகளை அளவு சொல்லி அறுத்து வாங்கினோம். அழுத்திச் செய்த மரத்தூள் பலகை. விரற்கடைத் தடிமனும் பிணம் கனமும். அவற்றைக் கயிறு போட்டுக் கட்டி டவுன் பஸ்ஸில் ஏற்றியபோது கண்டக்டர் மறித்தார்.

"என்னம்மா இது, பீரோவா? லோடு ஏத்துற வண்டியா இது?"

"பீரோ இல்லண்ணே, ஸ்பீக்கரு" என்றேன் நான்.

"அப்பன்னா ஒரு பாட்டுப் போடச் சொல்லு, ஏத்திக்கிறேன்" என்றார் அவர். பஸ்ஸே சிரித்தது. பந்தல்குடி வரும்வரை அந்தப் பலகைக் கட்டின்மேல்தான் உட்கார்ந்து வந்தேன். யானைமேல் வருகிற மாதிரி இருந்தது.

அதன்பிறகு எங்கள் முன்னறையில் நடக்க இடமில்லை. பலகை ஓரங்களில் பசை தடவி ஒட்டி, பழைய சைக்கிள் டியூப்பை நாடா நாடாவாக வெட்டி இறுக்கிக் கட்டி, மேலே அம்மிக்கல்லை ஏற்றி வைத்தார் மாமா. பசை காயும்வரை யாரும் தும்மக்கூடக் கூடாது என்று உத்தரவு. இரண்டு பெட்டிகள் எழுந்து நின்றன. முன்பக்கப் பலகையில் ஸ்பீக்கர் உட்கார வட்டமாகத் துளை போட வேண்டியதுதான் பாக்கி. முதல் வட்டம் அச்சாக வந்தது. இரண்டாவதை அறுத்துக்கொண்டிருந்தபோது ரோட்டில் ஒரு லாரி ஏர் ஹாரனை அலறவிட்டுப் போனது. மாமாவின் கை ஒரு துள்ளுத் துள்ளியது. ஸ்பீக்கரை வைத்துப் பார்த்தால், திருகாணி போட விளிம்பு நிற்காமல் அது பொதுக்கென்று பெட்டிக்குள்ளே விழுந்தது.

மாமா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். மிச்சப் பலகை கிடையாது. மதுரைக்காரர் கொடுத்த கெடுவும் நெருங்கிக்கொண்டிருந்தது. "விடுக்கா. எனக்கு இது அமையாது" என்றார்.

அம்மா பெட்டியைச் சுற்றிச் சுற்றி வந்தாள். ஓட்டைக்குள் கையை விட்டு அளந்தாள். "ஏண்டா, ரவிக்கைக்குக் கழுத்து பெருசாப் போச்சுன்னா துணியத் தூக்கியா எறியுறோம்? உள்பக்கம் பட்டி வச்சுத் தைக்கிறதில்ல?" என்றாள். முதல் வட்டத்தில் அறுத்தெடுத்த துண்டு மூலையில் கிடந்தது. அதில் சாக்பீஸால் வளையம் வரைந்து நான்கு துண்டாக அறுக்கச் சொன்னாள். அவற்றை ஓட்டையின் உள்பக்கம் ஒட்டினார்கள். காய்ந்தபிறகு ஸ்பீக்கர் அதன்மேல் கச்சிதமாக உட்கார்ந்தது. மாமா அக்காவைக் கட்டிப்பிடிக்கப் போனார். "போடா, பசைக் கையோட வராத" என்று அவள் விலக்கிவிட்டாள்.

பெட்டிக்குள் சத்தம் முட்டித் திரும்பாமல் இருக்கப் பஞ்சு வைக்க வேண்டுமாம். நான் ஓடிப்போய் என் தலையணையைக் கொண்டுவந்து கொடுத்தேன். நல்ல இலவம் பஞ்சு. வாரக்கணக்கில் வெறும் உறையில் தலை வைத்துப் படுத்தேன், பெருமையாகத்தான் படுத்தேன்.

முதல் பாட்டைப் போட்ட பகல் இன்னும் அப்படியே நினைவிருக்கிறது. மேசையில் இரண்டு பெட்டிகளும் எங்களைப் பார்த்து லேசாகத் திரும்பி நின்றன. மாமா பொத்தானை அழுத்தினார். சத்தம் வந்தது. ஆனால் பாடுகிறவள் எங்கே நிற்கிறாள் என்று தெரியாமல், கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி சோகையாக வந்தது. மாமாவின் முகம் விழுந்தது. பின்னால் போய்க் குனிந்து பார்த்தவர் நெற்றியில் அடித்துக்கொண்டார். ஒரு பெட்டியில் சிவப்பு ஒயரும் கறுப்பு ஒயரும் இடம் மாறியிருந்தன.

மாற்றிப் போட்டார். அவ்வளவுதான், அந்தப் பெண் வந்து நின்றுவிட்டாள்! இந்தப் பெட்டியிலும் இல்லை, அந்தப் பெட்டியிலும் இல்லை. இரண்டுக்கும் நடுவே, ஒன்றுமே இல்லாத இடத்தில் நின்று பாடினாள். நான் எழுந்துபோய் அந்த இடத்தில் கையை வீசிப் பார்த்தேன். மேசைக்குப் பின்னால் எட்டிப் பார்த்தேன். சுவர்தான் இருந்தது. இடது பக்கம் வளையல் குலுங்கியது. வலது பக்கம் யாரோ ஒருத்தி தாளம் தப்பிச் சிரித்தாள். பெட்டியின் முன்பக்கம் அடியில் காற்றுப் போக விட்டிருந்த குழாய்த் துளையில் உள்ளங்கையை வைத்தால் கொட்டு விழும்போதெல்லாம் குப்குப்பென்று காற்று வந்தது. "அம்மா, மூச்சு விடுதும்மா!" என்று கத்தினேன். அம்மா வந்து கையை வைத்துப் பார்த்துவிட்டு, சின்னப் பிள்ளை மாதிரி மறுபடியும் வைத்துப் பார்த்தாள்.

அடுத்து, அடித் தொண்டையிலிருந்து கீச்சுக் குரல்வரை மெல்ல ஏறுகிற ஒற்றை ஒலியை மாமா ஓடவிட்டார். அறையில் எது அதிர்கிறதோ அதைப் பிடித்து நிறுத்துவது என் வேலை. முதலில் பீரோக் கதவு உறுமியது, ஓடினேன். ஜன்னல் கம்பி சிணுங்கியது, அதற்கு ஓடினேன். பிறகு டம்ளர், பிறகு அம்மாவின் கத்தரிக்கோல், பிறகு சுவரில் மாட்டிய கடிகாரம். ஒவ்வொன்றும் தன் முறை வரும்வரை காத்திருந்து கத்திவிட்டு அடங்கியது. எல்லாவற்றின் அடியிலும் இடுக்கிலும் துணியை மடித்து வைத்தோம். நான் வியர்த்து விறுவிறுத்துப் போனேன். இதைவிட நல்ல விளையாட்டு இன்றுவரை எனக்குக் கிடைக்கவில்லை.

மாமா மறுபடி கும்மிப் பாட்டில் உட்கார்ந்தார். லாரிச் சத்தம் ஓய்கிற இடைவெளிகளாகப் பார்த்துப் பார்த்துக் கேட்டுக் கலந்து அனுப்பினார். மதுரைக்காரர் கூப்பிட்டார். மாமா போனைக் காதில் வைக்கப் பயந்து அம்மாவிடம் கொடுத்தார். "பொம்பளைக வந்து முன்னால நிக்கிறாகம்மா, கொட்டு அடிவயித்துல விழுகுது. மிச்சப் பாட்டையும் தம்பியவே பாக்கச் சொல்லுங்க" என்றார் அவர். மாமா என்னைத் தூக்கிச் சுற்றியதில் கடிகாரம் கீழே விழுந்தது. யாரும் திட்டவில்லை.

இவ்வளவு சந்தோஷத்தையும் அத்தாவுக்குக் காட்ட முடியவில்லையே என்பதுதான் எனக்குக் குறை. அத்தா என்று நான் கூப்பிடுகிற என் அப்பா வளைகுடாவில் வேலை பார்த்தார். வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்ததும் அம்மாவின் செல்லுக்குக் குரல் பதிவு அனுப்புவார். அந்த வெள்ளிக்கிழமையும் வந்தது. "அத்தாவ மானிட்டர்ல போடுங்க மாமா" என்று நான்தான் அடம்பிடித்தேன். மாமா செல்லை ஒயரில் மாட்டினார்.

"அஸ்ஸலாமு அலைக்கும். நல்லா இருக்கேன். ஏசி ரூமுல உக்காந்து பாக்குற வேலை, ஒரு கஷ்டமும் இல்ல. பாப்பா எப்படி இருக்கா?"

அத்தா மேசைக்கு நடுவே வந்து நின்றுவிட்டார். எனக்குத் தலைகால் புரியவில்லை. செல்லில் கேட்காததெல்லாம் இதில் கேட்டது. "அம்மா, காத்து அடிக்குதும்மா! யாரோ இரும்ப அடிக்கிறாக, அங்கிட்டு வண்டி பின்னால வார சத்தம் கேக்குது! இப்பப் பாருங்க, அத்தா தள்ளிப்போய் இருமுறாக, கேட்டுச்சா?" என்று ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்துக் கூவினேன். உண்மையில், ஒவ்வொரு வாக்கியத்துக்கும் நடுவே அத்தா இழுத்து இழுத்து மூச்சு வாங்குவதுகூட அவ்வளவு சுத்தமாகக் கேட்டது.

"திருப்பிப் போடு" என்றாள் அம்மா. மாமா போட்டார். முடிந்ததும் மறுபடி போடச் சொன்னாள். மாமா அவள் முகத்தைப் பார்த்துவிட்டுச் சத்தத்தைக் குறைக்கப் போனார். அம்மா அவர் கையைத் தட்டிவிட்டாள். கடைசிவரை கேட்டாள். பிறகு, "யாருடா உன்ன இம்புட்டு நல்லாச் செய்யச் சொன்னது?" என்றாள்.

மாமாவை அம்மா வாய்விட்டுப் பாராட்டிக் கேட்டது அதுதான் முதல் தடவை. எனக்குப் பெருமை தாங்கவில்லை. மாமா ஏன் தலையைக் குனிந்துகொண்டார் என்று யோசிக்கவும் இல்லை.

அன்று சாயங்காலம் அம்மா கொல்லைப்பக்கம் நின்று வெகுநேரம் போனில் பேசினாள். வேறெதுவும் காதில் விழவில்லை. "உக்காந்து பாத்தது போதும், கெளம்பி வாங்க" என்று மட்டும் கேட்டது.

நோன்பு தொடங்குவதற்கு முன்பே அத்தா வந்துவிட்டார். பெட்டியை இறக்கிவைக்கக்கூட விடாமல் அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய் மேசைக்கு எதிரே உட்கார வைத்துக் கும்மிப் பாட்டைப் போட்டேன். வாங்கிய மூச்சு அடங்கும்வரை காத்திருந்துவிட்டு, "பிரமாதமா இருக்குடா தங்கம்" என்றார். மறுநாள் பள்ளிக்கூடத்தில் எல்லோரிடமும் சொன்னேன்: நாங்கள் செய்த ஸ்பீக்கர் எப்படிப்பட்டது தெரியுமா, அதைக் கேட்பதற்காகவே எங்கள் அத்தா வேலையை விட்டுவிட்டு பிளேன் ஏறி வந்துவிட்டார்.