உச்சிமாகாளியின் நான்கு தகடுகள்

“அது வேற, இது வேறலே. பிரஜைல்னா கீழ விழுந்தா உடையும். பெரிசபிள்னா விழவே வேண்டாம், சும்மா ஒரு மூலையில கெடந்தாலே கெட்டுப் போவும்.”

தாணு கேட்டது தீப்பெட்டி.

உச்சிமாகாளி தீப்பெட்டியைக் கொடுப்பார். விளக்கத்தையும் முடித்துவிட்டுத்தான் மறுபடி சுத்தியலை எடுப்பார். சாலை என்கிற பஜாரில் லாரிக்கும் ரயிலுக்கும் பார்சல் புக்கிங் செய்யும் கடை. ஐம்பத்தாறில் வள்ளியூரிலிருந்து வந்து சேர்ந்தவர், பதினெட்டு வருஷமாக அங்கே பெட்டி அடிக்கிறார். சாமானை வைக்கோலில் பொதிந்து, பலகை அறைந்து, மேலே கறுப்பு மையில் இங்கிலீஷ் எழுத்துப் பதிப்பது வரை அவர் பொறுப்பு. அதற்குப் பிறகு தாணு பொறுப்பு. தாணு பெட்டிகளை லாரியில் ஏற்றுகிறவன். “ஏத்துறானா? எறியுதான்னு சொல்லுங்க” என்பார் உச்சிமாகாளி.

எழுத்து வெட்டிய தகரத் தகடுகள் நான்கும் ஆணியில் வரிசையாகத் தொங்கும். அவர் படிப்பு மூன்றாம் வகுப்போடு சரி, இங்கிலீஷ் ஒரு எழுத்து தெரியாது. முதல் எழுத்தின் உருவம்தான் அடையாளம். கொடிமரத்தில் இரண்டு கொடி பறந்தால் பிரஜைல். தலை மட்டும் வீங்கிய கம்பு, பெரிசபிள். ஒற்றைப் படி வைத்த ஏணி, ஆண்டில் வித் கேர். கிண்ணம், அர்ஜென்ட்.

படிக்கத் தெரியாதே தவிர, எதற்கு எது என்பதில் அவரை அசைக்க முடியாது. துணிக்கடைக்காரர்கள் வந்து, “அண்ணாச்சி, நம்ம துணி பேலுக்கும் பிரஜைல் அடிச்சு விடுங்க, அவனுங்க கொஞ்சம் பயப்படுவானுங்க” என்பார்கள்.

“துணி உடையுமா வே? எல்லாத்துலயும் அடிச்சா, நாளைக்குக் கண்ணாடி வரும்போது எவன் மதிப்பான்?”

கடைக்காரர் முகம் வாடினால் ஏணித் தகட்டை எடுத்துப் போடுவார். “ஆண்டில் வித் கேர் சாமானுக்கு இல்ல. சாமான்காரனுக்கு. மனசு ஆறாதவனுக்கு அடிக்கது.”

உலகத்தையே அந்த நாலு தகட்டில் பிரித்து வைத்திருக்கிறார். இட்லி பெரிசபிள். முதலாளி ஆறுமுகசாமியின் கோபம் அர்ஜென்ட். சம்பந்தி வீட்டார் வந்தால், “ஏணிய எடுலே” என்று தாணுவின் காதில் சொல்வார்.

இந்தப் பாகுபாடு சும்மா வந்துவிடவில்லை. வேலைக்குச் சேர்ந்த புதிதில், கொல்லம் போக வேண்டிய வெற்றிலைக் கூடைக்கு இரண்டு கொடித் தகட்டைப் பதித்துவிட்டார். பத்திரமாகப் போகட்டும் என்ற நல்லெண்ணம்தான். பத்திரமாகத்தான் போயிற்று. பார்த்தவர்கள் எல்லாரும் மரியாதையாக ஓரத்தில் ஒதுக்கி வைத்தார்கள். மேலே பாரம் ஏற்றவில்லை, யாரும் தொடவில்லை, நகர்த்தவும் இல்லை. மூன்று நாள். “ஒரு வெத்தல கசங்கல பாத்துக்கிடுங்க. ஒரு வெத்தல பச்சையாவும் இல்ல.” இன்றைக்கும் அதைச் சொல்லும்போது அவர் சிரிப்பதில்லை.

இந்த ஆனி மாதம் மகள் சரோஜத்துக்குப் பெண் குழந்தை பிறந்தது. எட்டாம் மாதத்திலேயே பிறந்துவிட்டது. ஒன்றே முக்கால் கிலோ. உச்சிமாகாளி கல்கண்டுப் பொட்டலத்தோடு சாலை முழுக்க நடந்தார். “பத்து வெரலுக்கும் பத்து நகம் இருக்குலே! ஒவ்வொண்ணும் நொய்யரிசி அளவுக்கு!” நகத்தை அவர்தான் செய்து வைத்ததுபோல் குரலில் அத்தனை பெருமை.

மூன்று வாரம் கழித்து ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பும்போது, நர்ஸ் ரோஸ் குழந்தையைத் துணியில் சுற்றிக் கொடுத்தாள். மார்த்தாண்டத்துக்காரி, இவர் வீட்டுக்கு நாலு வீடு தள்ளித்தான் குடியிருக்கிறாள்.

“பிள்ளை டெலிகேட்டாக்கும் அண்ணாச்சி. நல்லா பாத்துக்கிடணும்.”

“பிரஜைலா சிஸ்டர்?”

“அது கண்ணாடிக்குல்லா சொல்லுவாவ. இது டெலிகேட்.”

“ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்?”

அதற்குள் உள்ளேயிருந்து யாரோ கூப்பிட, ரோஸ் ஓடிவிட்டாள்.

முதலாளியிடம் கேட்டார். ஆறுமுகசாமி எஸ்.எஸ்.எல்.சி. “எல்லாம் ஒண்ணுதான் வே. சாமான் பத்திரம்னு அர்த்தம்.” உச்சிமாகாளிக்குத் திருப்தியில்லை. எல்லாம் ஒன்றென்றால் தகடு நான்கு எதற்கு? ஆனாலும் ஐந்தாவது தகடு அவரிடம் இல்லை. இருப்பதில் பக்கத்தில் வருவது இரண்டு கொடிதான் என்று முடிவு செய்தார்.

விளக்குச் சிம்னி அனுப்பும் பெட்டி ஒன்றை வீட்டுக்குக் கொண்டுவந்தார். உட்பக்கம் முழுக்க உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, சிலாம்பு ஒன்றில்லாமல் ஆக்கினார். அடியில் பஞ்சு, நாலு பக்கமும் பஞ்சு. பெட்டியை வாசல் காற்று படாத மூலையில் வைத்துக் குழந்தையை உள்ளே கிடத்தினார். பால் கொடுக்கும் நேரம் தவிர யாரும் தொடக்கூடாது. பதினெட்டு வருஷத்தில் இவ்வளவு அருமையாக ஒன்றை அவர் பாக்கிங் செய்ததில்லை.

மனைவி நாச்சியார் காலமாகி ஏழு வருஷமாகிறது. மருமகனுக்கு விழிஞ்ஞத்தில் கல் இறக்கும் வேலை, சனிக்கிழமைதான் வருவான். வீட்டில் அப்பாவும் மகளும்தான்.

“அப்பா, கொஞ்ச நேரம் மடியில வச்சுக்கிடுங்களேன். நான் குளிச்சிட்டு வந்துருதேன்.”

“இது ஆணி அடிக்கிற கை மக்கா. பெட்டியிலயே இருக்கட்டும்.”

“எப்பவும் பெட்டியிலயே கெடந்தா எப்படிப்பா?”

“ஒனக்குப் பாக்கிங்கப் பத்தித் தெரியாது.”

மூன்று நாள் விடாத மழை. மூன்றாம் நாள் குழந்தை அழவில்லை. நல்ல பாக்கிங்குக்கு அதுவே அத்தாட்சி என்று உச்சிமாகாளி எடுத்துக்கொண்டார். சாயங்காலம் டூட்டி முடிந்து குடையை மடக்கியபடி ரோஸ் எட்டிப் பார்த்தாள்.

“என்ன அண்ணாச்சி, பிள்ளைய வளக்கியளா, ரயில்ல புக் பண்ணப் போறியளா?” சிரித்துக்கொண்டே பெட்டிக்குள் கையை விட்டவள், சிரிப்பை நிறுத்தினாள். “காலு ஐஸா இருக்கே! பாலு குடிச்சாளா சரோஜம்?”

“உச்சிப் பொழுதுக்கு அப்புறம் சப்பவே இல்லக்கா.”

“யாரு இப்படித் தொடாம வைக்கச் சொன்னா?”

“நீங்கதான சிஸ்டர், டெலிகேட்டுன்னு...”

“டெலிகேட்டுன்னா தொடக்கூடாதுன்னா? இது விழுந்து உடையுத சாமானா அண்ணாச்சி? தனியா கெடந்தா வாடிப் போவும். மனுசச் சூடு வேணும். ரெண்டு மணிக்கூருக்கு ஒருக்கா பாலு வேணும். சட்டையக் கழத்துங்க. நெஞ்சோட வச்சுக்கிடுங்க.”

உச்சிமாகாளிக்கு, ஓரத்தில் ஒதுங்கிக் கிடந்த வெற்றிலைக் கூடை கண்ணுக்குள் வந்து நின்றது. குழாயடிக்குப் போய் மை போகக் கையைத் தேய்த்தார். சோப்பு பாதியாகும் வரை தேய்த்தார். வந்து சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். ரோஸ் குழந்தையை அவர் நெஞ்சில் கவிழ்த்து, மேலே துண்டைப் போர்த்தினாள். பெட்டி தூக்கும் அந்தப் பெரிய கைகள் முதலில் அந்தரத்தில் நின்றன. பிறகு மெதுவாக இறங்கி முதுகில் படிந்தன. மழை ஓட்டில் அடித்துக்கொண்டிருந்தது. சரோஜம் நகராமல் குழந்தையின் வாயையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். ஒரு மணி நேரம் கழித்து அவர் விலாவில் குட்டியாக ஒரு உதை விழுந்தது. பின்னாலேயே வீறிட்ட அழுகை.

“மதி, போதும் அண்ணாச்சி. இனி பாலக் குடு சரோஜம்” என்றாள் ரோஸ்.

மறுநாள் சாலையில் மறுபடி கல்கண்டு. “பிள்ள அழுதுட்டா லே! நாலு வீட்டுக்குக் கேக்க அழுதா!”

அந்தப் பெட்டியில் இப்போது சின்ன வெங்காயம் கிடக்கிறது. உச்சிமாகாளி எட்டு மணிக்கு வந்தது போய், ஒன்பதுக்கு வருகிறார். காலையில் ஒரு மணி நேரம் நெஞ்சில் ஆள் இருக்கிறது. முதலாளி கேட்டால், “மேல்சட்டை போட நேரமாயிட்டு மொதலாளி” என்பார்.

இன்று காலை ஓணச் சரக்கு கடை வாசலில் மலைபோல் கிடந்தது. ஆஸ்பத்திரியில் எடை பார்த்துவிட்டு சரோஜம் குழந்தையோடு நேரே கடைக்கு வந்துவிட்டாள். மூன்று கிலோ நூறு. உச்சிமாகாளி வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு, லாரி டிரைவர் வரைக்கும் நகத்தைக் காட்டினார். தாணு மட்டும் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு இரண்டடி தள்ளியே நின்றான்.

“என்னலே, பாக்க மாட்டியா?”

“பாத்தாச்சு அண்ணாச்சி. என் கைதான் ஒங்களுக்குத் தெரியுமே.”

உச்சிமாகாளி குழாயடியைக் காட்டினார்.

“சோப்பு போட்டுக் கழுவிட்டு வா. வந்து புடி. நெஞ்சோட சேத்துப் புடிலே, உடையாது.”