கண்ணாடி அணைந்த பிறகும் பேசிய ஹபீப் பாய்

ஹபீப் பாய் இறந்த செய்தி அவருடைய எண்ணிலிருந்தே வந்தது. பெட்டாலிங் ஜெயாவில் ஓர் அலுவலகத்தில் தொலைபேசி அழைப்புகளைக் கவனிப்பது என் வேலை. எனக்குக் கண் தெரியாது. கைப்பேசி அவர் பெயரை வாசித்ததும், இன்றைக்கு யார் மேல் கோபமோ என்று சிரித்துக்கொண்டேதான் எடுத்தேன். பேசியது அவர் மனைவி ரஹ்மத் அக்கா.

"விமலா, அவரு மௌத்தாயிட்டாரும்மா."

காலைத் தொழுகை முடித்துப் படுத்தவர் எழுந்திருக்கவில்லையாம். அவசரப்பட்டுத் தனியாகக் கிளம்பி வராதே, யாரையாவது கூட்டிக்கொண்டு வா என்று அந்த நிலையிலும் என்னைப் பற்றிக் கவலைப்பட்டார் அக்கா. அடுத்து வந்த அழைப்பை நான் எடுக்கவில்லை. பக்கத்து மேசைத் தோழி எடுத்துக்கொண்டாள்.

கிள்ளானில் பாயிடம் சேலை எடுக்காத குடும்பம் குறைவு. இதை வாசிக்கிற உங்களில் பலர் அவர் விரித்துப் போட்ட சேலைகளுக்கு முன்னால் மணிக்கணக்காக உட்கார்ந்திருப்பீர்கள். அவர் வாய் எப்படிப்பட்டது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கால் முடியாமல் கடையை விட்ட பிறகு, கடைசி சில வருடங்கள் அவர் பார்த்த வேலை உங்களுக்குத் தெரிந்திருக்காது. அவர் எனக்குக் கண்ணாக இருந்தார்.

அலுவலகத்தில் எல்லாரும் சேர்ந்து எனக்கு ஒரு ஸ்மார்ட் கண்ணாடி வாங்கிக் கொடுத்தார்கள். அதில் கேமரா உண்டு. வீடியோ கால் போட்டால் என் முகத்துக்கு நேரே இருப்பதை மறுமுனையில் இருப்பவர் பார்த்துச் சொல்லலாம். மகள் தர்ஷினி வேலை நேரத்தில் போன் எடுக்க முடியாது. ஒருநாள் அலமாரியில் கைக்கு வந்த சேலை என்ன நிறம் என்று தெரியாமல், கொஞ்சம் தயங்கி, பாயை அழைத்தேன். பார்த்த மாத்திரத்தில், "இது வாடாமல்லி. நாந்தான் வித்தேன். நீங்க அரக்கு கேட்டீங்க, நாந்தான் மாத்திவிட்டேன்" என்றார். எனக்குப் பார்வை இருந்த காலத்தில் எடுத்த சேலை அது. அன்றிலிருந்து என்னால் அவரை விட முடியவில்லை.

அந்தக் கண்ணாடிக்கு ஒரு கெட்ட குணம். சும்மா மாட்டிக்கொண்டிருந்தால் நாள் முழுக்க உழைக்கும். வீடியோ கால் என்று வந்துவிட்டால் பேட்டரி ஓட்டைக் குடத்துத் தண்ணீர்தான். அரை மணி நேரம் தாங்கினால் பெரிய விஷயம். காதோரம் சூடேறும், உள்ளே ஒரு வெள்ளைக்காரி சார்ஜ் குறைகிறது என்பாள், பிறகு ஒன்றுமில்லை. கழற்றிப் பெட்டியில் வைத்தால்தான் மறுபடி உயிர் வரும். ஹபீப் பாயைப் போன்ற ஒரு பேச்சுக்காரருக்கு இதைவிடப் பொருத்தமில்லாத சாமான் உலகத்தில் கிடையாது.

ஒருநாள் பிரிக்பீல்ட்ஸில் மோனோரயில் நிலையத்திலிருந்து நான் வீட்டுக்கு நடந்துகொண்டிருந்தேன். பாய் வழியைச் சொல்லாமல், தீபாவளிக்கு முதல் நாள் சேலையைத் திருப்பிக் கொடுக்க வந்த ஓர் அம்மாவின் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். கதை உச்சத்துக்கு வந்தபோது, சாலையைக் கடக்கும் இடத்தில் கண்ணாடி அணைந்துவிட்டது. எனக்கு ஆபத்து ஒன்றுமில்லை. கையில் வெள்ளைக்கோல் இருந்தது, அதற்கு சார்ஜ் போட வேண்டியதில்லை. அவர்தான் பதறிப்போனார். உடனே சாதாரண போனில் கூப்பிட்டு, நான் வீட்டுக் கதவைத் திறக்கும் சத்தம் கேட்கும்வரை வைக்கவில்லை. "என் வாயாலதானே சார்ஜ் போச்சு" என்று அன்று முழுக்கப் புலம்பியிருக்கிறார். அக்கா சொன்னார்.

மறுநாள் ஒரு சட்டம் போட்டார். "பாக்குறதுக்குக் கண்ணாடி, பேசுறதுக்கு போன்." அப்படியே செய்தோம். கண்ணாடியில் கூப்பிட்டு நான் தலையை மெல்லத் திருப்புவேன். மூச்சு விடாமல் பார்ப்பார். "போதும், வைங்க" என்பார். பிறகு போனில் கூப்பிட்டு, பார்த்ததை ஆற அமரச் சொல்வார். ஒரு நிமிடம் பார்த்ததை அரை மணி நேரம் சொன்ன நாட்கள் உண்டு. பூக்கடையில் எனக்குப் பக்கத்தில் நின்ற பெண் முல்லையை இரண்டு தரம் பார்த்துவிட்டு வாங்காமல் போனதுகூட அவருக்கு நினைவிருக்கும். எந்தச் சேலையை யார் திரும்பிப் பார்க்கிறார்கள் என்று கவனிப்பதுதானே அவர் பிழைப்பு. இந்த ஏற்பாட்டில் நான் பார்த்த பிரிக்பீல்ட்ஸை, கண் இருந்த காலத்தில்கூட நான் பார்த்ததில்லை.

போன வருடம் தர்ஷினிக்குக் கல்யாணம். எனக்கு ஒரே ஓர் ஆசைதான். தாலி ஏறும்போது அவள் முகம் எப்படி இருக்கிறது என்று எனக்குத் தெரிய வேண்டும். என் பார்வை முழுதாகப் போனபோது அவளுக்கு ஏழு வயது. முன்பல் விழுந்த அந்த முகத்தை வைத்துக்கொண்டுதான் இத்தனை வருடம் அவளோடு பேசிவருகிறேன். பாயிடம் சொன்னேன். எந்த மண்டபம், எத்தனை மணிக்கு என்று கேட்டுக்கொண்டார். பிறகு, "சொல்லிட்டீங்கல்ல. பாத்துடுவோம்லா" என்றார்.

கிள்ளானில் கோயில் மண்டபத்தில் கல்யாணம். என் கணவர் இல்லாததால் அண்ணனும் அண்ணியும் தாரை வார்த்தார்கள். எனக்கு முன்வரிசையில் நாற்காலி. நான் மேடையேறலாமா என்று யாரும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. கேமரா மணவறையைப் பார்க்கும்படி தலையை ஆட்டாமல் உட்கார வேண்டும், கெட்டிமேளம் கேட்டதும் கண்ணாடியில் வீடியோ கால் போட வேண்டும், அதற்கு முன் தொடக்கூடாது. இதெல்லாம் பாயின் கட்டளை.

கெட்டிமேளம் கேட்டது. போட்டேன். அது தாரை வார்த்ததற்கான மேளம். எனக்குக் கண்ணில்லை, பாய்க்கு நம் சடங்கு தெரியாது. இரண்டு பேரும் தாலிக்குத்தான் என்று காத்திருந்தோம். ஐயர் மந்திரம் சொல்லிக்கொண்டே இருந்தார். தாலித் தட்டு ஆசீர்வாதத்துக்கு வரிசை வரிசையாகப் போயிற்று. பேசாமல் இருந்தால் பேட்டரி மிச்சமாகும் என்று நினைத்தாரோ என்னவோ, வாழ்க்கையில் முதல் தடவையாக ஹபீப் பாய் வாயை மூடிக்கொண்டிருந்தார். காதோரம் சுட்டது. வெள்ளைக்காரி பேசினாள். கண்ணாடி அணைந்தது. அதற்குப் பிறகுதான் உண்மையான கெட்டிமேளம். என்னைச் சுற்றி எல்லாரும் எழுந்து அட்சதை போட்டார்கள். என் கையிலிருந்த அட்சதை கையிலேயே இருந்தது.

போன் அடித்தது.

"தங்கச்சி, நான் பாக்கல" என்றார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. பிள்ளை சிரித்தாள் என்றாவது சொல்லுங்கள் பாய், நான் நம்பிக்கொள்கிறேன் என்று கெஞ்சினேன். உண்மையாகவே நம்பியிருப்பேன்.

"கடையில வந்தவங்க எல்லாருகிட்டயும் இது உங்களுக்குன்னே நெய்ததுன்னு சொல்லியிருக்கேன். இத மட்டும் சொல்ல மாட்டேன். பாக்கலன்னா பாக்கல. நீங்க ஏன் இன்னும் அங்கயே உக்காந்திருக்கீங்க? எனக்காகத்தானே ஆடாம இருந்தீங்க. எந்திரிங்க. பிள்ள எதிர்லதான் இருக்கு. மேல ஏறிப் போய்க் கையால பாருங்க."

எழுந்தேன். யாரோ "பாத்து, பாத்து" என்றார்கள். யாரோ முழங்கையைப் பிடித்துப் படியேற்றினார்கள். தர்ஷினியின் முகத்தை இரண்டு கையாலும் பிடித்தேன். நெற்றி, சந்தனம், ஈரமான கன்னம். "அம்மா, மேக்கப் போவுதும்மா" என்றாள். சொல்லிக்கொண்டே சிரித்தாள், என் விரல் அவள் பல்லில் பட்டது. தாலி முடிச்சில் மஞ்சள் இன்னும் ஈரமாக இருந்தது. அவளுக்கு இருபத்தாறு வயது என்பது அந்த இடத்தில்தான் எனக்கு உறைத்தது. இடுப்பில் செருகிய போன் அணையாமல் இருந்திருக்கிறது. நாங்கள் அழுததையும் சிரித்ததையும் பாய் கேட்டிருக்கிறார்.

கண்ணாடி அணைந்துபோன கோபத்தில் பாய் அதன் நிறுவனத்துக்கு ஒரு குரல் செய்தி அனுப்பினார். "பாஸ், சாமான் நல்ல சாமான். ஆனா எங்க ஊர்ல கல்யாணம் அரை மணி நேரத்துல முடியாது" என்று தொடங்கி, அக்கா போனைப் பிடுங்கும்வரை பேசினாராம். பதில் வரவில்லை. அடுத்து வரும் கண்ணாடிகளில் பேட்டரி கூடுதல் நேரம் நிற்கும் என்கிறார்கள். வரட்டும். எனக்குப் பின்னால் வருகிறவர்கள் நிம்மதியாக ஒரு கல்யாணம் பார்க்கட்டும்.

தர்ஷினி இப்போது மாசமாக இருக்கிறாள். இதை ஹபீப் பாயிடம் சொல்ல முடிந்தது. பிள்ளைக்கு முதல் துணி தானே நிறம் பார்ப்பதாகச் சொல்லியிருந்தார். கணவரை இழந்தவர்கள் வெளியே போகாமல் காக்கும் இத்தாவில் இருக்கும் ரஹ்மத் அக்காவை, தயங்கித் தயங்கி, நீங்கள் பார்த்துச் சொல்கிறீர்களா என்று கேட்டேன்.

"எனக்கு அவரு மாதிரி சொல்ல வராதும்மா. தெரிஞ்சதச் சொல்றேன். தெரியலன்னா தெரியலன்னு சொல்லிடுவேன்" என்றார்.

ஹபீப் பாயிடமிருந்து நான் வைத்துக்கொள்வது ஒன்றுதான்: ஆடாமல் உட்கார்ந்திருந்த என்னை எழுந்து போகச் சொன்ன அந்தக் குரல். குழந்தை பிறக்கும் நாளில் கண்ணாடியை முழுதாக சார்ஜ் போட்டு எடுத்துப் போவேன். போனதும் அதைக் கழற்றிப் பைக்குள் வைப்பேன். கையைக் கழுவிக்கொண்டு வந்து, பேரப்பிள்ளையின் முகத்தை நானே பார்த்து முடித்த பிறகுதான் அக்காவைக் கூப்பிடுவேன்.