மகேஸ்வரி ஏறாத மாடி

மகேஸ்வரிக்குச் சின்ன வயதிலிருந்தே எதிலும் வேகம்தான். ராமாபுரத்திலிருந்து கல்யாணமாகி மைசூருக்கு வந்தவள், ஒரு கார்மென்ட்ஸில் தையல் வேலைக்குச் சேர்ந்து, சில வருடங்களிலேயே சூப்பர்வைசர் ஆகிவிட்டாள். மிஷின்கள் இரைச்சலோடு ஓடும்போதுகூட அவள் குரல் கடைசி வரிசை வரைக்கும் கேட்கும்.

நஞ்சன்கூடு ரோட்டில் ஒரு மழைநாளில் லாரி அவள் ஸ்கூட்டரை இடித்துத் தள்ளியது. உயிர் பிழைத்தாள். வலது காலை முழங்காலுக்கு மேலே எடுத்துவிட்டார்கள். வேலையும் போயிற்று.

மாற்றுத்திறனாளி உதவித்தொகைக்கு மனு எழுதினாள். டாக்டர்கள் சான்றிதழும் கொடுத்துவிட்டார்கள். ஆனால் மனுவை வாங்குகிற ஆபீஸ் மாடியில் இருந்தது. லிஃப்ட் கிடையாது.

முதல் தடவை அவள் கணவன் உதயகுமார் முதுகில் சுமந்துகொண்டு ஏறினான். பெயிண்டர், உயரத்துக்குப் பழகியவன்தான். அவனுக்கே மூச்சு வாங்கியது. பெஞ்சில் இருந்தவர்கள் "ஐயோ பாவம்" என்றார்கள். வங்கிப் புத்தக நகல் இல்லையென்று மனு திரும்பி வந்தது. இறங்கும்போது அவன் கால் வழுக்க, இருவரும் கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு தப்பினார்கள்.

வீட்டுக்கு வந்ததும், "ஏனுங்க, இனி உங்க முதுகுல ஏறமாட்டனுங்க" என்றாள்.

அடுத்த வாரம் போனபோது ஊன்றுகோல்களைச் சுவரில் சாய்த்துவிட்டு, அடிப்படியில் உட்கார்ந்துவிட்டாள். மனுவோடு மேலே போன உதயகுமார் அப்படியே திரும்பி வந்தான்.

"ஆபீசர் முன்னாடி கையெழுத்துப் போடணுமாம். ஏறிக்கோ புள்ள, ரெண்டு நிமிஷ வேலை."

"நான் வந்துட்டேன்னு சொல்லுங்க. ஆபீசரு எறங்கி வரட்டும்."

கிளார்க் சுசித்ரா படி வளைவில் வந்து நின்று, "மேலே பன்னி அம்மா" என்று கன்னடத்தில் மேலே வரச் சொன்னாள்.

மகேஸ்வரி கன்னடத்திலேயே கேட்டாள்: "கால் இல்லாதவங்க மனு கொடுக்கிற ஆபீஸ் இது. கால் இருந்தாத்தான் மனு கொடுக்க முடியும்னா எப்படி மேடம்?"

கட்டிடமே கேட்கிற குரல். பாதிப்படியில் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்த கெம்பையன், இளம்பிள்ளைவாதம் வந்தவர், திரும்பித் தவழ்ந்து இறங்கி அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். "என் மனுவும் இங்கேதான்" என்றார். அவர் பின்னால் இன்னும் சிலர் இறங்கி வந்தார்கள்.

கடைசியில் ஆபீசர் ரூபாவே இறங்கி வந்தார். முகத்தில் கோபம் இருந்தது. மனுவைத் தூக்கி எறிந்துவிட்டால் என்று மகேஸ்வரிக்குப் பயம். ஆனாலும் தலையைக் குனியவில்லை. ரூபா படியில் உட்கார்ந்திருந்தவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். பிறகு மாடியை நிமிர்ந்து பார்த்தார்.

"சுசித்ரா, ஒரு மேஜையைக் கீழே கொண்டுவரச் சொல்லுங்க. ரப்பர் ஸ்டாம்பையும் எடுத்துட்டு வாங்க."

மேஜையின் ஒரு முனையை உதயகுமாரே ஓடிப்போய்ப் பிடித்தான். முதல் கையெழுத்து மகேஸ்வரியுடையது. ரசீதைத் தலைக்குமேல் தூக்கிக் காட்டினாள். கெம்பையன் விசிலடித்தார்.

"பசிக்குதுங்க" என்றாள் வெளியே வந்ததும். அன்று ஆளுக்கு இரண்டு மசால் தோசை.

உதவித்தொகை ஆணை இரண்டே மாதத்தில் வந்தது. மேஜை திரும்ப மாடிக்குப் போகவில்லை. மனுக்களைக் கீழேதான் வாங்குகிறார்கள்.