என் இங்கிலீஷ் கையெழுத்து

ஆம்பூர் ஷூ கம்பெனியில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது ஒருவன் போன் செய்தான். பத்து வருடத்துக்கு முந்தைய கடனாம். இன்றைக்கே கட்டாவிட்டால் போலீஸ் வருமாம். வாங்கி மறப்பதில் நான் கெட்டிக்காரன், இதுவும் அப்படியோ?

"எந்த ஊர் ஆபீஸ்ல சார் வாங்கினேன்?"

"வேலூர்ல."

"வேலூர்ல எங்க சார்?"

"அதெல்லாம் போன்ல சொல்லமாட்டோம்."

எனக்குச் சந்தேகம் தட்டியது.

"நான்தான் வாங்கினேன்னு இன்னா சார் ஆதாரம்?"

"நீங்க இங்கிலீஷ்ல போட்ட கையெழுத்து இருக்கு."

பக்கத்தில் சாப்பிட்டபடி ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்த தோஸ்துக்குப் புரையேறியது. "இன்னா மச்சான், எப்ப கத்துக்கின?"

"சார், அத்த கொஞ்சம் அனுப்புங்க, நானும் பாக்கறேன். நான் கைநாட்டு சார்!"

போனை வைத்துவிட்டான்.

சாயந்திரம் மாமியார் போனில் கூப்பிட்டார். "எந்த ஊர் மாமியார், இன்னா ஆதாரம்?" என்று விசாரித்த பிறகுதான் பேசினேன்.