நடவு வயலில் என் சட்டை

என் சட்டையை எனக்கே அடையாளம் தெரியவில்லை. இதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். பாதியில் நீங்களாகக் கண்டுபிடித்தால் எனக்கு இன்னும் கேவலம். இருபது வருஷமாக மனித உருவங்களை வரைகிறவன் நான். பள்ளிக்கூடத்தில் டிராயிங் மாஸ்டர் வேறு. ‘உத்துப் பாருங்கடா, பார்த்ததைப் போடுங்கடா’ என்று பிள்ளைகளிடம் தினமும் தொண்டை கிழியக் கத்துகிற ஆள். அப்பேர்ப்பட்ட நான், நாலு வருஷம் போட்டுத் திரிந்த சட்டையை இன்னொருவர் மேல் பார்த்து, அதைப் படத்திலிருந்தே தூக்கி எறிந்தேன். எறிந்துவிட்டுப் பெருமையும் பட்டுக்கொண்டேன்.

அடுத்த மாதம் என் படங்கள் சென்னையில் ஒரு கேலரியில் தொங்கப்போகின்றன. அதற்கு அடுத்த மாதம் காஞ்சிபுரத்தில் ஒரு மண்டபத்தில். எல்லாமே பெண்கள். நாற்று பறிக்கிற பெண், உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டில் செங்கல்பட்டு வண்டிக்கு நிற்கிற பெண், ரேஷன் கடை வாசலில் உட்கார்ந்த பெண். ஒருநாள் என் மனைவி வரிசையாக எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, “ஏங்க, இதுல ஒருத்திக்காவது வேர்க்குதா?” என்று கேட்டாள். நான் ஒளி, நிழல், கோடு என்று கால்மணி நேரம் விளக்கினேன். “அப்ப சரி” என்றாள். கல்யாணமான ஆண்களுக்குத் தெரியும், அந்த ‘அப்ப சரி’யில் எதுவுமே சரியில்லை என்று.

கண்காட்சிக்கு முக்கியமான படம் ஒன்று. ஏரிக்குக் கீழே எங்களுக்கு இருக்கிற துண்டு நிலத்தில் நடவு நடந்த அன்று, போனில் எடுத்த போட்டோவை வைத்து வரைந்தது. நடவு செட்டுக்குத் தலைவியான அக்கா, பாதி திரும்பி, வலது கையைத் தூக்கி நிற்கிறார். ஐம்பது வயசு இருக்கும். முழங்கால் வரை தூக்கிச் செருகிய புடவை, தலையில் துண்டு, புடவைக்கு மேலே ஆம்பிளை முழுக்கைச் சட்டை. எங்கள் பக்கம் வயலில் இறங்குகிற பெண்கள் எல்லாருக்கும் அந்தச் சட்டை உண்டு. வெயில் தாங்கும், நெல் தாள் கையை அறுக்காது, குனிந்து நிமிரும்போது மாராப்பைச் சரிசெய்துகொண்டே இருக்க வேண்டாம். இதெல்லாம் எனக்குத் தெரியாததா? தெரியும். ஆனாலும் அந்த நீலக் கட்டம் என் கண்ணை உறுத்தியது. சட்டை இல்லாவிட்டால் தோளிலிருந்து மணிக்கட்டு வரை கோடு வழுக்கிக்கொண்டு போகும் அல்லவா? எடுத்துவிட்டேன். எடுத்த கையோடு கையிலிருந்த சேற்றையும் கழுவிவிட்டேன். பச்சைக் கண்ணாடி வளையல் என் உபயம்.

கேலரியை நடத்துகிற அம்மாவுக்குப் படம் பிடித்துப்போய், அழைப்பிதழில் அதையே போட்டார்கள். படத்துக்குக் கீழே ஒரு வரி வேண்டும் என்றார்கள். எழுதிக் கொடுத்தேன்.

புது அழைப்பிதழை எடுத்துக்கொண்டு நேராக வயலுக்குப் போனேன். செட்டு வரப்பில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தது. அக்கா கால்வாயில் கையைக் கழுவி, சட்டை நுனியில் துடைத்து, அட்டையை ஓரத்தில் பிடித்து வாங்கினார். ரொம்ப நேரம் பார்த்தார்.

“யாரு இது?”

“நீங்கதான்க்கா.”

“மூஞ்சி என்துதான். என் சட்ட எங்க?”

நான் சிரித்து மழுப்பினேன். அவர் விடவில்லை. “கீய இன்னாமோ எய்திக்கீது, படி மாஸ்டரு.”

படித்தேன். “மண்ணின் மகள் காற்றோடு உரையாடுகிறாள்.”

“காத்தோட எங்க பேசனேன்? கட்டி வெச்ச நாத்து முடி மேல வண்டிய ஏத்தி நிறுத்திட்டு நீ போட்டோ புடிச்சிக்கினு இருந்த. எடு மாஸ்டரு வண்டியன்னு உன்னத்தான் திட்டிக்கினு இருந்தேன்!”

வரப்பே சிரித்தது. “யக்கா, வளையலு எப்ப வாங்கன?” என்று ஒரு குரல். நானும் சிரித்தேன். என்னைப் பார்த்து நாலு பேர் சிரித்தால் அஞ்சாவதாகச் சேர்ந்துகொள்வது என் வழக்கம். அக்கா மட்டும் சிரிக்கவில்லை.

“எம் பொண்ண வாலாஜாபாத்துல குட்த்துக்கீறேன். சம்மந்தி வூட்ல இதப் பாத்தா இன்னா நெனப்பாங்க? சட்ட போடாம ஒருநாளு நான் சேத்துல எறங்கனதில்ல.” அட்டையை என்னிடமே நீட்டினார். “மெட்ராசோ காஞ்சிபுரமோ, இப்டி என்ன நிக்க வெக்காத.”

குரலை உயர்த்தவே இல்லை. வண்டிக்குத் திட்டியபோது இருந்த சத்தத்தில் கால்வாசிகூட இல்லை. அதுதான் என்னைக் குத்தியது. “நீங்க சொல்லாம இந்தப் படத்த எங்கயும் மாட்டமாட்டேன்க்கா” என்று சொல்லிவிட்டு வந்தேன்.

வீட்டில் மனைவியிடம் சொன்னபோது அவள் என்னை விசித்திரமாகப் பார்த்தாள். “அது உங்க சட்டைதானே? தொப்பை வந்து பட்டன் தெறிச்சுதே, அந்த நீலக் கட்டம். நான்தான் அக்காவுக்குக் குடுத்தேன். தெரிஞ்சுதான் படத்துல எடுத்துட்டீங்கன்னு நெனச்சேன்.”

போனை எடுத்துப் போட்டோவைப் பெரிதாக்கினேன். என் சட்டையேதான். காலர் கிழிசலில் என் மனைவி போட்ட தையல். பட்டன் போன இடத்தில் அக்கா ஒரு ஊக்கு குத்தியிருந்தார். அந்தப் போட்டோவையே ஒரு மாதம் பார்த்து வரைந்திருக்கிறேன், ஊக்கு என் கண்ணில் படவில்லை. அப்புறம் மற்ற படங்களையும் எடுத்து வைத்துப் பார்த்தேன். பஸ் ஸ்டாண்ட் பெண்ணின் கையிலிருந்த போனை எடுத்திருக்கிறேன். ரேஷன் கடைப் பெண்ணின் கண்ணாடியைக் கழற்றியிருக்கிறேன். அந்தம்மா கண்ணாடி இல்லாமல் எப்படி வீடு போய்ச் சேர்ந்தாரோ.

கேலரி அம்மாவுக்குப் போன் செய்தேன். “அழைப்பிதழ் எல்லாருக்கும் போயிடுச்சே. படம் வேற மாதிரி இருந்தா கேப்பாங்களே?” என்றார்.

“கேட்டா, வரைஞ்சவன் முட்டாள்னு சொல்லுங்க மேடம். நானும் பக்கத்துலயே நிக்கிறேன்.”

காலண்டரைப் புரட்டுகிற சத்தம் கேட்டது. பிறகு, “சரி, எப்ப அனுப்புவீங்க?” என்றார்.

ஞாயிற்றுக்கிழமை அக்கா எங்கள் மாடிக்கு வந்தார், சட்டையோடு. கூப்பிட்டால் வருவாரா என்று பயந்துகொண்டுதான் கூப்பிட்டேன். கையைத் தூக்கி நின்று காட்டினார். “நிக்கறேன். ஆனா கோவமா நில்லுன்னு சொல்லாத, இன்னிக்கு உன் மேல கோவம் வரல.” கை வலிக்குமே என்று உட்காரச் சொன்னேன். “நாள் பூரா குனிஞ்சிக்கினு கீறவ நான். நிக்கறது எனுக்கு லீவு மாதிரி” என்றார். என் மனைவி டீ கொண்டுவந்து, நான் நிமிராத நேரம் பார்த்து, அவர் கையை மெல்ல இறக்கிவிட்டு டம்ளரைக் கொடுத்தாள்.

மடிப்பு மடிப்பாக விழுந்த துணியில் கட்டம் போடுவது லேசான வேலை இல்லை. என் சட்டை என்னைப் பழிவாங்கியது. வளையலை அழித்தேன். முழங்கைக்குக் கீழே சேற்றைத் திரும்பப் பூசினேன். கடைசியாக வயிற்றருகே ஒரு வெள்ளைப் புள்ளி, ஊக்கு. படத்துக்குக் கீழே இருந்த வரியை அடித்துவிட்டு, ‘நாற்றின் மேல் வண்டியை நிறுத்தியவனைத் திட்டுகிறார்’ என்று எழுதினேன்.

வேன் வருவதற்கு முந்தின நாள் அக்கா பார்க்க வந்தார். மூக்கு படத்தில் இடிக்கிற அளவுக்குக் கிட்டே போனார். ஊக்கைப் பார்த்ததும் அவர் விரல் தன் சட்டையில் இருந்த ஊக்கைத் தொட்டது. கீழே எழுதியிருந்ததைப் படித்துக் காட்டினேன். உதடு லேசாக அசைந்தது. சிரிப்பா, இல்லையா, தெரியவில்லை. தள்ளி நின்று பார்த்தார். மறுபடி கிட்டே வந்தார். பரீட்சைப் பேப்பர் திருத்துகிற நான், மார்க்குக்குக் காத்திருக்கிறவன் மாதிரி துணியால் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தேன். மௌனம் எனக்கு ஆகாது.

“சட்டையத் திருப்பிக் குடுத்துட்டேன்க்கா. தொப்பைய மட்டும் நானே வெச்சிக்கினேன்” என்றேன்.

அவர் திரும்பவில்லை. படத்தில் தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“மாட்டலாமாக்கா?”

“கையில சேறு பத்தல, பூசிட்டு மாட்டு.”